பாப்பாத்தியம்மாள் கோயிலும் அதன் குருமார்களும்



நம் சிவகிரி இப்போது தென்காசி மாவட்டத்தில் இருந்தாலும், 2019 நவம்பர் வரை நமக்கு மாவட்டத் தலைநகரம் திருநெல்வேலிதான். கலெக்டர் ஆபீஸ், ஆஸ்பத்திரி, கல்லூரி என்று ஏதாவது ஒரு வேலையாகப் பாளையங்கோட்டைக்குப் போய் வராத குடும்பம் நம் தெருக்களில் இருக்க முடியாது. அந்த ஊரில் உயர்ந்த கோபுரத்தோடு நிற்கும் தூய திரித்துவப் பேராலயத்தைப் பஸ்ஸில் போகும்போதே பார்த்திருப்பீர்கள். அதைவிட வயதில் மூத்த ஒரு சின்ன ஆலயமும் அங்கே இருக்கிறது. குளோரிந்தா ஆலயம் என்பது அதன் பெயர். பாப்பாத்தியம்மாள் கோயில் என்றும் சொல்வார்கள். இந்த இதழில் அந்தக் கோயிலின் கதையையும், அதில் ஊழியம் செய்த குருமார்களின் கதையையும் பார்ப்போம். எந்த மதத்தைச் சேர்ந்தவரானாலும் இது உங்கள் ஜில்லாவின் கதைதான். கடைசியில் நம் ஊருக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறது.

சுவரில் இருக்கும் பெயர்ப் பட்டியல்

பழைய தேவாலயம் எதற்குள் போனாலும் சுவரில் ஒரு பலகையோ சலவைக் கல்லோ இருக்கும். இன்னின்ன வருடம் முதல் இன்னின்ன வருடம் வரை இன்னார் குருவானவர் என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். ஸ்காட்லாந்து நாட்டுக் கிராமங்களில் இந்தப் பழக்கம் மிக அதிகம். அங்கே 1560-ல் மதச் சீர்திருத்தம் நடந்தது. அன்று முதல் யார் யார் போதகராக இருந்தார்கள் என்பதைப் பல கிராமச் சபைகள் இன்றும் தலைமுறை வாரியாகச் சொல்லும். ஆன்ஸ்ட்ரதர் வெஸ்டர் என்ற கடலோர ஊரின் போதகர் ஹியூ ஸ்காட் என்பவர், அந்த நாட்டின் எல்லாச் சபைகளின் போதகர் பட்டியலையும் திரட்டி 1866 முதல் புத்தகங்களாக வெளியிட ஆரம்பித்தார். ஒரு கிராமத்துப் போதகர் தனி ஆளாக இறங்கிச் செய்த வேலை அது.

ஆனால் இப்படிப்பட்ட பட்டியலில் ஒரு குறை உண்டு. குருவானவர் பெயர் இருக்கும். கோயிலைக் கட்டியவர் பெயர் இருக்காது. குருவானவர் இல்லாத வருடங்களில் விளக்கேற்றி, மணியடித்து, சபையைக் கலையாமல் காத்தவர்கள் யார் என்பதும் இருக்காது. பாளையங்கோட்டையின் கதை நமக்கு முக்கியமாவது இதனால்தான். இங்கே குருமார் பட்டியலுக்கு முன்னால், சபையாரின் பட்டியல் ஒன்று கிடைத்திருக்கிறது.

குருவானவருக்கு முன்பே சபை

பதினெட்டாம் நூற்றாண்டில் பாளையங்கோட்டை ஒரு கோட்டை ஊர். ஆற்காட்டு நவாபுக்காகவும் தங்களுக்காகவும் கும்பினியார் அங்கே படை வைத்திருந்தார்கள். சுற்றிலும் பாளையக்காரர்கள், நம் சிவகிரியும் அப்போது ஒரு பாளையம். சிப்பாய்களும் அவர்கள் குடும்பங்களும் திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்து கோட்டையை ஒட்டிக் குடியிருந்தார்கள்.

1771-ல் திருச்சியில் இருந்த ஜெர்மானிய மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் தன் நாட்குறிப்பில் ஒரு செய்தி எழுதினார். சவரிமுத்து என்ற தமிழ்க் கிறிஸ்தவர் பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு, அக்கம்பக்கத்தாருக்குப் புதிய ஏற்பாட்டை வாசித்துக் காட்டுகிறார் என்பதுதான் அந்தச் செய்தி. அப்போது அந்த ஊரில் அந்தச் சபைக்கு ஆலயமும் இல்லை, குருவானவரும் இல்லை. ஒரு புத்தகமும் அதை வாசிக்க ஒரு ஆளும் மட்டுமே இருந்தார்கள்.

அந்த ஊரில் ஒரு மராட்டியப் பிராமணப் பெண்ணும் இருந்தார். தஞ்சாவூரில் பிறந்தவர், கோகிலா என்பது பிறந்த பெயர் என்று சொல்வார்கள். கணவர் இறந்தபோது உடன்கட்டை ஏற இருந்த நிலையில், லிட்டில்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி அவரைக் காப்பாற்றினார் என்பது வழிவழியாக வரும் கதை. அவர் அந்த அதிகாரியோடு வாழ்ந்தார். ஆங்கிலமும் கிறிஸ்தவமும் அவரிடமே கற்றார். ஞானஸ்நானம் வேண்டும் என்று சுவார்ட்ஸ் ஐயரிடம் கேட்டபோது, திருமணம் ஆகாமல் ஒருவரோடு வாழும் நிலையில் கொடுக்க முடியாது என்று அவர் மறுத்துவிட்டார்.

அந்த அம்மையாரின் நிலையை நீங்கள் யோசித்துப் பாருங்கள். பிறந்த சாதியில் இனி இடமில்லை. சேர விரும்பிய சபையிலும் கதவு சாத்தியிருக்கிறது. இருந்தும் அவர் பின்வாங்கவில்லை. லிட்டில்டன் இறந்த பிறகு, 1778-ல் பாளையங்கோட்டைக்கு வந்த சுவார்ட்ஸ் ஐயர் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். குளோரிந்தா என்ற பெயரும் அப்போதுதான் வந்தது. பிறகு ஜனங்கள் ராசா குளோரிந்தா என்று மரியாதை சேர்த்துச் சொன்னார்கள்.

நாற்பது பெயர்கள்

1780-ல் பாளையங்கோட்டைச் சபையாரின் பெயர்களை ஒரு பதிவேட்டில் எழுதினார்கள். மொத்தம் 40 பேர். முதல் பெயர் குளோரிந்தா. அவரோடு அந்த ஏட்டில் பல சாதியாரும் இருந்தார்கள். திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்கமாக அந்த ஏட்டைத்தான் சொல்கிறார்கள். ஒரு பெரிய திருமண்டலத்தின் பிறப்புச் சான்றிதழில், முன்பு கதவு சாத்தப்பட்ட ஒரு விதவையின் பெயர் முதலில் இருக்கிறது.

முதலில் ஒரு மண் கோயில் இருந்தது என்பார்கள். அது போதாதென்று செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு புதிய கோயில் கட்டும் வேலையைக் குளோரிந்தா எடுத்துக்கொண்டார். தன் கைப்பணத்தைப் போட்டார். கோட்டையில் இருந்த ஆங்கிலேயர்களும் உதவினார்கள். 1785 ஆகஸ்டில் சுவார்ட்ஸ் ஐயர் வந்து அதைப் பிரதிஷ்டை செய்தார். ஊராருக்காக அவர் வெட்டிய கிணறும் பாப்பாத்தியம்மாள் கிணறு என்றே பெயர் பெற்றது. கோயில் சபைக்கு, கிணறு எல்லாருக்கும்.

அந்த 1785 பயணத்தில் இன்னொரு சின்ன விஷயமும் நடந்தது. திருநெல்வேலிச் சபையைச் சேர்ந்த தேவசகாயம் பிள்ளையின் மகன் வேதநாயகம், 1774-ல் பிறந்தவன், சிறுவனாக இருந்தான். அவனுடைய கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்த சுவார்ட்ஸ் ஐயர், படிக்க வைப்பதற்காகத் தன்னோடு தஞ்சாவூருக்கு அழைத்துப் போனார். அந்தப் பையன்தான் பின்னாளில் சரபோஜி மன்னர் காலத்துத் தஞ்சாவூரில் புகழ்பெற்ற வேதநாயக சாஸ்திரியார். 'பெத்லகேம் குறவஞ்சி' பாடியவர். ஒரு சின்னச் சபை தமிழுக்குக் கொடுத்த பெரிய கொடை இது.

சபை கேட்டுப் பெற்ற குருவானவர்

கோயில் வந்தது, ஆனால் அதில் நிலையாக இருந்து ஊழியம் செய்ய ஆள் இல்லை. குளோரிந்தா தஞ்சாவூருக்கே போய் சுவார்ட்ஸ் ஐயரிடம் கேட்டார். அதன் பலனாக உபதேசியாராக வந்தவர் சத்தியநாதன். அவருடைய உழைப்பைப் பார்த்த பிறகு, 1790 டிசம்பர் 26-ம் தேதி தஞ்சாவூரில் லுத்தரன் முறைப்படி அவருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். அன்று அவர் தமிழில் செய்த பிரசங்கம் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு 1792-ல் லண்டனில் அச்சானது. பாளையங்கோட்டைக் கோயிலுக்கு நிலையாக வந்த முதல் குருவானவர் ஒரு தமிழர் என்பதை நினைவில் வையுங்கள்.

1791-ல் ஜேனிக்கே ஐயர் என்ற ஜெர்மானியர் வந்து சேர்ந்தார். நல்ல உழைப்பாளி, ஆனால் நம் மலையடிவாரக் காய்ச்சல் அவரை விடவில்லை. அடிக்கடி படுத்து, தஞ்சாவூருக்குத் திரும்பி, மறுபடி வந்து, கடைசியில் 1800 மே மாதம் தஞ்சாவூரில் இறந்தார். சுவார்ட்ஸ் ஐயர் 1798-லேயே காலமாகிவிட்டார்.

இந்த வருடங்கள் எப்படிப்பட்டவை என்று நமக்குத் தெரியும். 1799 அக்டோபரில் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801-ல் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார், மறுபடியும் போர். அதே 1799-ல்தான் சத்தியநாதனும், சாத்தான்குளம் பக்கத்துக் காலன்குடியைச் சேர்ந்த உபதேசியார் தாவீது சுந்தரானந்தமும் சேர்ந்து, துன்புறுத்தப்பட்ட கிறிஸ்தவர்களுக்காக முதலூர் என்ற குடியிருப்பை உண்டாக்கினார்கள். 1802-ல் கெரிக்கே ஐயர் வந்து சுற்றியபோது ஆயிரக்கணக்கானவர்கள் சபையில் சேர்ந்தார்கள். அவர் போன பிறகும் அந்த வேலையைத் தொடர்ந்தவர் சத்தியநாதன்தான்.

பட்டியலில் இடைவெளி

இதற்குப் பிறகு குருமார் பட்டியலில் ஒரு பெரிய இடைவெளி வருகிறது. கெரிக்கே 1803-ல் இறந்தார். குளோரிந்தா 1806 வாக்கில் மறைந்தார் என்பர். முதுமையடைந்த சத்தியநாதன் தஞ்சாவூருக்குத் திரும்பி 1815-ல் காலமானார். நடுவில் ரிங்கல்தௌபே ஐயர் 1806 முதல் சில காலம் இந்தச் சபைகளைக் கவனித்தார். ஆனால் அவருடைய மனமும் வேலையும் மயிலாடிப் பக்கம் தென்திருவிதாங்கூரில் இருந்தன. 1811-ல் தஞ்சாவூரில் நான்கு தமிழர்களுக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். அந்த நாட்டுக் குருமாரும் உபதேசியார்களும்தான் பாரத்தைச் சுமந்தார்கள்.

1816-ல் ராணுவச் சாப்ளினாக ஹஃப் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தபோது, ஜில்லா முழுவதும் ஊர் ஊராகச் சுமார் மூவாயிரம் பேர் கொண்ட சபைகள் சிதறிக் கிடந்தன. கலைந்துபோகாமல் இருந்தன என்பதுதான் ஆச்சரியம். கிராமத்து உபதேசியார் ஓலையிலிருந்து ஜெபம் வாசித்தார். தாய்மார் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள். சலவைக் கல்லில் இவர்கள் பெயர் இல்லை. ஆனால் இவர்கள் இல்லாவிட்டால் பிறகு வந்தவர்கள் கட்ட எதுவும் மிஞ்சியிருக்காது.

ஹஃப் ஐயர் தமிழ் கற்றார், பள்ளிக்கூடங்கள் திறந்தார், சர்ச் மிஷன் சங்கத்துக்கு எழுதி ஆள் கேட்டார். 1820 ஜூலை 7-ம் தேதி ரேனியஸ் ஐயர் வந்தார்.

யார் அழைத்தால் குருவானவர்?

ரேனியஸ் பிரஷ்யாக்காரர். தமிழுக்கு இலக்கணம் எழுதும் அளவுக்குத் தமிழ் படித்தவர். முருகன்குறிச்சியில் வெங்கு முதலியார் என்ற இந்துப் பெரியவரிடமிருந்து நிலம் வாங்கினார். 1826 ஜூன் 26-ல் அங்கே புதிய ஆலயம் திறக்கப்பட்டது. நீங்கள் பஸ்ஸிலிருந்து பார்க்கும் தூய திரித்துவப் பேராலயம் அதுதான். அதன் பிறகு பாப்பாத்தியம்மாள் கோயில் பெரிய கோயிலின் நிழலில் நிற்கும் பாட்டி வீடு மாதிரி ஆகிவிட்டது.

ரேனியஸ், சங்கத்தோடு கருத்து வேற்றுமை கொண்டார். உபதேசியார்களுக்குக் குருப்பட்டம் கொடுக்க ஆங்கிலிகன் பிஷப்தான் வேண்டுமா என்பது முக்கியமான கேள்வி. 1835-ல் சங்கம் அவரை விலக்கியது. அவரும் ஊரைவிட்டுப் போய்விட்டார். ஆனால் உபதேசியார்கள் பலர் அவரை எழுதி அழைத்தார்கள்; அதே வருடம் திரும்பி வந்தார். கொஞ்ச காலம் திருநெல்வேலிச் சபைகள் இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்றன. 1838 ஜூனில் ரேனியஸ் இறந்த பிறகே பிளவு மெல்ல மெல்ல ஆறியது.

இதே கேள்வி அந்தச் சமயம் ஸ்காட்லாந்தின் கிராமங்களையும் ஆட்டிக்கொண்டிருந்தது. அங்கே 1712-ல் வந்த ஒரு சட்டப்படி, கிராமத்துப் போதகரை நியமிக்கும் உரிமை பெரும்பாலும் அந்தப் பகுதி நிலப்பிரபுவின் கையில். சபையாருக்குப் பிடிக்காதவரைப் போதகராக அமர்த்தலாமா என்ற சண்டை முற்றி, 1843 மே 18-ம் தேதி எடின்பரோவில் திருச்சபையே உடைந்தது. 450-க்கும் மேற்பட்ட போதகர்கள் சம்பளத்தையும் வீட்டையும் விட்டு வெளியேறி, சுயாதீனத் திருச்சபையைத் தொடங்கினார்கள். சென்னையில் ஸ்காட்லாந்துப் பள்ளியை நடத்திவந்த ஜான் ஆண்டர்சனும் அந்தப் பக்கம் சேர்ந்தார். அவருடைய பள்ளிதான் பின்னாளில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி.

இரண்டு ஊர்க் கதைக்கும் மையமான கேள்வி ஒன்றுதான்: ஆலயம் யாருடையது? பணம் கொடுத்தவருடையதா, பட்டம் கொடுப்பவருடையதா, அங்கே வந்து முழங்கால் போடுகிறவர்களுடையதா? அந்தக் கேள்வி எழுவதற்கு அரை நூற்றாண்டு முன்பே, "எங்களுக்கு ஒரு ஆள் வேண்டும்" என்று தஞ்சாவூருக்கு நடையாய் நடந்து கேட்ட குளோரிந்தா தன் பதிலைச் சொல்லிவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நம் பக்கம் வந்தவர்கள்

தாமிரபரணிக்குத் தெற்கே ஊருக்கு ஊர் சபை இருந்தபோது, சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், சங்கரன்கோவில் என்று நீளும் நம் வடபகுதியில் ஊழியம் அரிது. 1854-ல் ராக்லண்ட் என்ற கேம்பிரிட்ஜ் பட்டதாரியும், ஃபென், மெடோஸ் என்ற இரு நண்பர்களும் கூடாரம் போட்டு ஊர் ஊராகப் போகும் ஊழியத்தை இங்கே தொடங்கினார்கள். இதில் கவனிக்க வேண்டியது, தெற்கத்திச் சபையார் தங்கள் செலவிலேயே உபதேசியார்களை முறை வைத்து இந்தப் பக்கம் அனுப்பியதுதான். பனை ஏறிப் பிழைத்த குடும்பங்களின் காணிக்கையில் வந்த அந்த உபதேசியார்களின் பெயர்கள் நம் ஊர் யாருக்கும் நினைவில்லை. ராக்லண்ட் 1858 அக்டோபர் 22-ல் சிவகாசியில் காலமானார். அப்போது அவருக்கு 43 வயது.

காலம் ஓடியது. 1896-ல் திருநெல்வேலிக்குத் தனி பிஷப் வந்தார். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1912 டிசம்பரில் தோர்ணக்கல்லுக்குப் பிஷப் ஆனார். ஆங்கிலிகன் சபையில் இந்தியர் ஒருவர் பிஷப் ஆனது அதுவே முதல் முறை. சத்தியநாதன் குருப்பட்டம் பெற்றதிலிருந்து கணக்குப் பார்த்தால் இடையே 122 வருடங்கள். 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. பாளையங்கோட்டைக் கோயில்களும் அதற்குள் வந்தன.

எழுதி வைத்ததால் மிஞ்சியது

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரிகிறது? கால்டுவெல் ஐயரின் புண்ணியத்தால்தான். ஸ்காட்லாந்து வழிப் பெற்றோருக்கு அயர்லாந்தில் பிறந்து, கிளாஸ்கோவில் வளர்ந்து படித்தவர் அவர். இடையன்குடியில் ஐம்பது வருடம் போல் வாழ்ந்தார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவர் என்றுதான் நமக்கு அவரைத் தெரியும். 1881-ல் அவர் இரண்டு வரலாற்று நூல்களை வெளியிட்டார். ஒன்று திருநெல்வேலி ஜில்லாவின் அரசியல் வரலாறு. நம் பாளையங்களின் கதை அதில் இருக்கிறது. இன்னொன்று திருநெல்வேலி மிஷனின் தொடக்க கால ஆவணங்கள். பழைய ஏடுகளைப் புரட்டி, அந்த நாற்பது பேரைக் காப்பாற்றிக் கொடுத்தது இந்த நூல்தான். பின்னாளில் நம் ஜில்லாவைச் சேர்ந்த அ. மாதவையா 1915-ல் குளோரிந்தாவின் கதையை ஆங்கில நாவலாக எழுதினார். முதலில் ஒருவர் பெயரை ஏட்டில் எழுதினார், இன்னொருவர் அதை நூலில் சேர்த்தார், மூன்றாமவர் கதையாக்கினார். முதல் ஆள் எழுதாமல் விட்டிருந்தால் பின்னால் வந்த இருவருக்கும் வேலையே இல்லை.

இப்போது நம் ஊருக்கு வருவோம். சிவகிரியில் கோவில்கள் உண்டு, பள்ளிவாசல்கள் உண்டு, தேவாலயங்கள் உண்டு, பழைய பள்ளிக்கூடங்கள் உண்டு. திருப்பணிக்குக் கல் சுமந்தவர், கிணறு வெட்டியவர், சம்பளம் வராத மாதங்களிலும் பாடம் நடத்திய வாத்தியார், திருவிழாக் கணக்கை முப்பது வருடம் எழுதிய கணக்கப்பிள்ளை என்று இவர்கள் பெயரெல்லாம் எந்த ஏட்டில் இருக்கிறது? பிறப்பு, இறப்புப் பதிவு நாடு முழுவதும் ஒரே சட்டத்தின் கீழ் வந்தது 1969-ல்தான். அதற்கு முந்தைய பல குடும்பங்களின் விவரம் இன்றும் கோவில் கணக்கு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, ஜமாஅத் புத்தகம், ஞானஸ்நான ஏடு இவற்றில்தான் கிடக்கிறது. அவற்றைச் செல்லரிக்க விட்டால் இழப்பு நமக்குத்தான்.

ஆகவே நம் சங்கத்தின் சார்பில் உங்களிடம் கேட்பது மூன்றே காரியம்.

ஒன்று, உங்கள் வீட்டில் பழைய பத்திரம், திருமண அழைப்பிதழ், ரசீது, போட்டோ இருந்தால் அதைச் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். படத்தில் யார், எந்த ஊர், ஏறக்குறைய எந்த வருடம் என்று கூடவே எழுதுங்கள். மூலத்தை யாரிடமும் கொடுக்க வேண்டாம், படம் போதும்.

இரண்டு, வழிபாட்டுத் தலங்களின் நிர்வாகிகளும் பள்ளி நிர்வாகிகளும் பழைய பதிவேடுகளை ஈரம் படாத அலமாரிக்கு மாற்றுங்கள். கல்வெட்டுக்கும் நன்கொடையாளர் பலகைக்கும் மேல் வெள்ளை அடிப்பதற்கு முன்னால் அதைப் படித்து எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்று, எண்பது வயதைத் தாண்டிய பெரியவர் உங்கள் தெருவில் இருந்தால், ஒரு மாலை நேரம் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். தலைவர் யார், தர்மகர்த்தா யார் என்று மட்டும் கேட்காதீர்கள். விளக்கேற்றியது யார், தண்ணீர் இறைத்து ஊற்றியது யார் என்றும் கேளுங்கள்.

அடுத்த முறை பாளையங்கோட்டைக்குப் போனால், வேலை முடிந்ததும் கால் மணி நேரம் ஒதுக்கி அந்தச் சின்னக் கோயிலையும் பார்த்துவிட்டு வாருங்கள். சிவகிரிக்கு இதுபோல் ஒரு ஏடு எழுத ஆரம்பித்தால், அதில் முதல் பெயராக யாரைப் போடலாம் என்று உங்கள் வீட்டில் பேசி, நம் சங்க நிர்வாகிகளிடம் சொல்லுங்கள். வரும் இதழ்களில் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக வெளியிடுவோம்.